கட்டை விரலைக் கொடுத்த குரு

ஏகலைவன் கதை தெரியாதவர் இருக்க முடியாது. துரோணர் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். அவரைப் போலவே ஒரு மண் பொம்மை செய்து வைத்து, அதன் முன்னால் தானாகவே வில்வித்தை படித்தான். கடைசியில் குருதட்சணை என்று சொல்லி அவனுடைய வலது கைக் கட்டை விரலையே கேட்டு வாங்கிக்கொண்டார் அந்தக் குரு. மிச்சம் நாலு விரல் இருந்து என்ன பிரயோஜனம்?

கிடார் வாசிப்பிலும் ஒரு கட்டை விரல் கதை உண்டு. அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் நடந்த கதை. இதில் குரு கட்டை விரலைக் கேட்கவில்லை, கொடுத்தார்! வாங்கிக்கொண்டவர்களில் சிலர் உலகப் புகழ் பெற்றார்கள். கொடுத்தவர் எப்படி வாசித்தார் என்று கேட்பதற்கு ஒரே ஒரு இசைத்தட்டு கூடக் கிடையாது.

கட்டை விரலுக்கு என்ன வேலை?

முதலில் கிடாரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கிடாரில் ஆறு கம்பிகள். மேலே இருக்கும் மூன்றும் தடித்தவை, கனமான 'பேஸ்' சுரங்கள் வரும். கீழே இருக்கும் மூன்றும் மெல்லியவை, பாட்டின் மெட்டு பெரும்பாலும் இங்கேதான். கல்லூரி விழாக்களில் பார்ப்பது போல ஆறு கம்பியையும் சேர்த்து ஒரே வீச்சில் தேய்த்து அடிப்பது ஒரு வகை. 'ஃபிங்கர்ஸ்டைல்' என்பது வேறு. இதில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி வேலை. கட்டை விரல் தடித்த கம்பிகளில் ஒன்று மாற்றி ஒன்றாக, டும்-டக், டும்-டக் என்று நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் அதன் மேல் மெட்டை வாசிக்கும். கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போலிருக்கும்.

வீணைக் கச்சேரி கேட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ராகத்தை மீட்டிக்கொண்டிருக்க, சுண்டு விரல் பக்கத்திலுள்ள தாளக் கம்பிகளைத் தட்டிக்கொண்டே வருமல்லவா? அந்தச் சுண்டு விரல் வேலையை கிடாரில் கட்டை விரல் பார்க்கிறது, அதுவும் இடைவெளியே விடாமல்.

இந்தக் கட்டை விரலுக்கு ஒரு மோதிரம் மாட்டினால் அதுதான் 'தம்ப் பிக்'. விரலைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சின்ன நாக்கு. கம்பியைத் தொடுவது அந்த நாக்குதான். மற்ற விரல்களுக்கு மாட்டுவது 'ஃபிங்கர் பிக்'. வளைந்த சின்னத் தகடு, விரலின் உள்பக்கத்தை மூடி நகம் போல நுனியைத் தாண்டி நிற்கும். வீணை வித்வான்கள் விரலில் கம்பி மாட்டிக்கொள்கிறார்களே, அதே காரணம்தான். சத்தம் வேண்டும், தோல் கிழியக் கூடாது.

மோதிரம் வந்த வழி

அமெரிக்காவில் 1890-களிலேயே சியர்ஸ் நிறுவனத்தின் விலைப்பட்டியலைப் பார்த்து, தபாலில் பணம் அனுப்பி கிடார் வாங்க முடிந்தது. கிடார் ஏழைகளின் கைக்கு வந்தது. அதே காலத்தில் கறுப்பின பியானோ கலைஞர்களின் 'ராக்டைம்' இசை நாடு முழுக்கப் பரவியது. இடது கை தாளம் போட, வலது கை குறும்பு செய்யும் இசை அது. பியானோ வாங்க வசதியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அந்த இடது கையைக் கிடாரில் கட்டை விரலுக்கு மாற்றினார்கள்! ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியாக வந்த பாஞ்சோ வாத்தியத்திலும் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் தனித்தனி வேலை பழக்கமாக இருந்தது. இரண்டும் கிடாரில் வந்து சேர்ந்தன.

மோதிரம் பிரபலமானதற்கு இன்னொரு திசையும் காரணம், ஹவாய்த் தீவுகள். அங்கே ஜோசப் கெகுகு என்ற இளைஞர் 19-ம் நூற்றாண்டின் கடைசியில், கிடாரை மடியில் படுக்கப் போட்டு, கம்பிகளின் மேல் எஃகுத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். இந்த முறைக்கு வலது கையில் தம்ப் பிக், ஃபிங்கர் பிக் இரண்டும் மாட்டிக்கொள்வார்கள். 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் பொருட்காட்சியில் ஹவாய் இசை கூட்டத்தை மயக்கியது. அதன்பின் சில வருடங்களுக்கு அமெரிக்கா முழுக்க ஹவாய் கிடார் மோகம்.

(இந்த அலை இந்தியாவையும் தொட்டது. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940-களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். பிற்பாடு விஸ்வ மோகன் பட் அதே படுக்கைக் கிடாரை மாற்றியமைத்து 'மோகன வீணை' என்று பெயரிட்டு, ரை கூடருடன் சேர்ந்து வாசித்த ஆல்பத்துக்கு 1994-ல் கிராமி விருது வாங்கினார். அவர் விரல்களிலும் இதே பிக்குகள்தான்.)

சரி, கென்டக்கிக்குப் போவோம்.

ஆர்னால்ட் ஷல்ட்ஸ்

மேற்கு கென்டக்கியில் முலன்பெர்க், ஒஹாயோ என்று அடுத்தடுத்து இரண்டு கவுண்டிகள். கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி, ஆனால் சின்னது. மண்ணுக்கு அடியில் நிலக்கரி. மேலே சுரங்கத் தொழிலாளிகள், வெள்ளையரும் கறுப்பரும்.

ஒஹாயோ கவுண்டியில் 1886-ல் பிறந்தவர் ஆர்னால்ட் ஷல்ட்ஸ். கறுப்பினத்தவர். அப்பா அடிமையாகப் பிறந்தவர். ஷல்ட்ஸ் கரி அள்ளும் கூலி வேலை பார்த்தார், ஊர் ஊராகச் சுற்றினார், போன இடமெல்லாம் கிடாரும் ஃபிடிலும் வாசித்தார். கட்டை விரலில் பேஸ், மற்ற விரல்களில் மெட்டு, நடுநடுவே அந்தப் பக்கத்து ஆட்கள் அதுவரை கேட்டிராத கார்ட்கள். 1920-களின் தொடக்கத்தில் ஒரு வெள்ளையர் இசைக்குழுவில் சேர்ந்து நடன விருந்துகளில் வாசித்திருக்கிறார். நிறவெறி சட்டமாகவே இருந்த காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

அந்த விருந்துகளில் அவரோடு சேர்ந்து வாசித்த ஒரு சிறுவன், பக்கத்து ரோசீன் ஊரைச் சேர்ந்த பில் மன்றோ. பின்னாளில் 'புளூகிராஸ்' என்ற இசை வகையையே உருவாக்கியவர் என்று கொண்டாடப்பட்டவர். 1996-ல் இறக்கும் வரை மன்றோ ஷல்ட்ஸின் பெயரை மறக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷல்ட்ஸ் 1931 ஏப்ரலில் இறந்தார். வயது 45. பொறாமை பிடித்த யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. இறப்புச் சான்றிதழில் இருப்பதோ இதயக் கோளாறு. கிடாரோடு அவர் இருக்கும் ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது. ஒலிப்பதிவு எதுவும் இல்லை.

கை மாறிய கட்டை விரல்

ஷல்ட்ஸைக் கேட்டு வாசிப்பை வளர்த்துக்கொண்டவர்களில் ஒருவர் கென்னடி ஜோன்ஸ் (1900–1990), வெள்ளையர். விடாமல் வாசித்துக் கட்டை விரல் புண்ணாகிப்போக, ஹவாய் கிடார்காரர்களுக்காக விற்ற தம்ப் பிக்கை வாங்கி மாட்டிக்கொண்டார் என்றும், அந்தப் பக்கத்தில் சாதாரண கிடாருக்கு தம்ப் பிக் வந்தது அப்படித்தான் என்றும் சொல்வார்கள். ஹவாய் கிடாரின் மோதிரமும் ராக்டைம் கட்டை விரலும் கென்டக்கியில் இப்படித்தான் சந்தித்துக்கொண்டன.

ஜோன்ஸிடமிருந்து மோஸ் ரேகருக்கும் ஐக் எவர்லிக்கும் போனது. ரேகர் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர், டிரேக்ஸ்போரோ ஊரில் முடி திருத்துபவராகவும் இருந்தவர். எவர்லியும் சுரங்கத் தொழிலாளிதான். பின்னாளில் புகழ்பெற்ற எவர்லி சகோதரர்களின் அப்பா. இந்த இருவரின் விரல்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தவர் மெர்ல் டிராவிஸ். 1917-ல் முலன்பெர்க் கவுண்டியில் பிறந்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகன்.

இங்கே கற்றுக்கொள்ளும் முறையைக் கவனியுங்கள். புத்தகம் இல்லை, நொட்டேஷன் இல்லை, ஃபீஸ் இல்லை. வேலை முடிந்த சாயங்காலம் ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் உட்கார்ந்து விரலைப் பார்ப்பார். அவ்வளவுதான் பாடத்திட்டம்.

ரேடியோவில் ஒரு ஏகலைவன்

டிராவிஸ் 1930-களின் கடைசியில் சின்சினாட்டி நகரத்து டபிள்யூ.எல்.டபிள்யூ. ரேடியோவில் வாசிக்க ஆரம்பித்தார். அந்நாளில் அமெரிக்காவின் மிகச் சக்திவாய்ந்த நிலையங்களில் ஒன்று அது. பல நூறு மைல் தள்ளி ஜார்ஜியாவில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான் ஒரு பையன். பெயர் செட் அட்கின்ஸ் (1924–2001).

டிராவிஸ் வாசித்தது தம்ப் பிக் மாட்டிய கட்டை விரல், ஆட்காட்டி விரல், இரண்டால் மட்டும்தான்! ரேடியோவில் விரல் தெரியுமா? இவ்வளவு சுரங்களை இரண்டு விரலால் வாசிக்க முடியும் என்று அட்கின்ஸுக்குத் தோன்றவே இல்லை. மூன்று நான்கு விரல்கள் என்று எண்ணிக்கொண்டு அப்படியே பழகினார். பொம்மையைப் பார்த்துப் படித்தவன் குருவின் நேரடிச் சீடனை மிஞ்சியது போல, அட்கின்ஸ் பழகிய முறை இன்னும் நுணுக்கமாகவே அமைந்துவிட்டது. பிறகு அவர் நாஷ்வில் நகரத்து இசை உலகத்தின் பெரும் புள்ளியானார். 1974-ல் குருவும் சிஷ்யனும் சேர்ந்து ஒரு ஆல்பமே வாசித்தார்கள், அதற்குக் கிராமியும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் டாமி இமானுவேல் சிறு வயதில் ரேடியோவில் அட்கின்ஸைக் கேட்டுத்தான் இந்த வழிக்கு வந்தார்.

அட்கின்ஸ் தன் மகளுக்கு மெர்ல் என்று பெயர் வைத்தார். இன்னொரு மாபெரும் கிடார் கலைஞரான டாக் வாட்சன் தன் மகனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்தார். குருதட்சணை என்றால் இதுவல்லவா! இந்த வாசிப்பு முறைக்கே இன்று உலகம் முழுக்க 'டிராவிஸ் பிக்கிங்' என்றுதான் பெயர்.

டிராவிஸ் கஞ்சன் இல்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ரேகரும் எவர்லியும் என்று எங்கு போனாலும் சொன்னார். ஆனாலும் பெயர் என்னவோ அவரோடு நின்றுவிட்டது. டிரேக்ஸ்போரோவில் 'நான்கு ஜாம்பவான்கள்' நினைவாக ஒரு நீரூற்று கட்டியிருக்கிறார்கள். அந்த நால்வர்: ஜோன்ஸ், ரேகர், எவர்லி, டிராவிஸ். ஷல்ட்ஸ் அந்த ஊர்க்காரர் இல்லைதான், பக்கத்துக் கவுண்டி. ஆனால் கிடாரின் கட்டை விரலுக்கு ஏது கவுண்டி எல்லை?

பட்டியலில் இடமில்லை

ஷல்ட்ஸ் ஏன் பதிவாகவில்லை? அவர் காலத்தில் ஒலிப்பதிவே இல்லை என்று சொல்ல முடியாது. 1920-லிருந்து கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகள் நன்றாக விற்றன. 1923-லிருந்து கிராமத்து வெள்ளையர்களின் இசையும் விற்றது. கிடாரில் ராக்டைம் வாசித்த பிளைண்ட் பிளேக் என்ற கறுப்பினக் கலைஞர் 1926 முதல் 1932 வரை நிறையவே பதிவு செய்திருக்கிறார்.

விஷயம் வியாபாரத்தில் இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் சரக்கை இரண்டு பட்டியலாகப் பிரித்து வைத்திருந்தன. கறுப்பர்களுக்கு விற்க ஒன்று, கிராமத்து வெள்ளையர்களுக்கு விற்க ஒன்று. நிஜ வாழ்க்கையில் நடன விருந்துகளில் இரண்டும் கலந்தே இருந்தது. வெள்ளையர் குழுவில் ஃபிடில் வாசிக்கும் ஒரு கறுப்பர் எந்தப் பட்டியலில் வருவார்? சந்தைக்கு வசதியாக வரைந்த கோடு பின்னால் வரலாற்றின் கோடாகவே மாறிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்தவர்கள் அட்லாண்டா, மெம்பிஸ், பிரிஸ்டல் என்று ஊர்களுக்குத்தான் போனார்கள், கரிச் சுரங்க ஓரத்து விருந்துகளுக்கு இல்லை. 1929-க்குப் பிறகு பொருளாதாரப் பெருமந்தம் இசைத்தட்டு வியாபாரத்தையே படுக்க வைத்தது. 1931-ல் ஷல்ட்ஸும் போய்விட்டார்.

இது ஒருவர் கதை மட்டும் இல்லை. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டலில் கார்ட்டர் குடும்பம் முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தது. பாட்டுக்கு 50 டாலர், விற்பனைக்கு ஏற்ப ராயல்டி தனி. அந்தக் குடும்பத்து மேபெல் கார்ட்டர் தம்ப் பிக் மாட்டி, தடித்த கம்பிகளில் கட்டை விரலாலேயே மெட்டை வாசிக்கும் பாணிக்குப் பேர்போனவர். ராயல்டிக்குப் புதிய பாட்டுகள் வேண்டுமே! குடும்பத் தலைவர் ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டு சேகரிக்கப் புறப்பட்டார். கூடப் போனவர் லெஸ்லி ரிடில், கறுப்பினத்தவர். விபத்துகளில் வலது காலையும் வலது கையில் இரண்டு விரல்களையும் இழந்தவர். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் பதித்துக்கொள்வார். நடமாடும் டேப் ரெக்கார்டர்! மேபெலும் அவரிடம் கிடார் நுணுக்கங்கள் கற்றார். பாட்டுகளின் உரிமை கார்ட்டர் பெயரில் பதிவானது. 1965-ல் மைக் சீகர் என்ற ஆராய்ச்சியாளர் தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்த பிறகுதான் ரிடிலின் குரல் நமக்குக் கிடைத்தது. அது ஆல்பமாக 1993-ல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நேர்மாறான கதையும் ஒன்று இருக்கிறது. ரெவரண்ட் கேரி டேவிஸ் (1896–1972), கண்பார்வை இல்லாத கறுப்பினப் போதகர். அவரும் டிராவிஸ் போலவே கட்டை விரல், ஆட்காட்டி விரல் இரண்டால் மட்டும், பிக் மாட்டி வாசித்தவர். 1935-ல் பதிவு செய்தார். பின்னர் நியூயார்க் தெருக்களில் பாடிப் பிழைத்தார். வீடு தேடி வந்த வெள்ளைக்கார மாணவர்களுக்கு 5 டாலருக்கு மணிக்கணக்கில் கிடார் சொல்லிக்கொடுத்தார். 1962-ல் பீட்டர், பால் அண்ட் மேரி குழு அவர் பாடி வந்த சிம்சோன்-தெலீலாள் பாட்டைப் பாடி வெளியிட்டது. அந்த ராயல்டியில் டேவிஸ் சொந்த வீடு வாங்கினார். அந்தப் பாட்டை பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற இன்னொரு பார்வையற்ற கலைஞர் 1927-லேயே பதிவு செய்திருந்தார் என்பது வேறு விஷயம். ஜான்சன் 1945-ல் வறுமையில் இறந்தார். யார் பெயரில் பதிவாகிறதோ அவருக்கே பணம். திறமை அந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை.

இன்று கற்றுக்கொள்பவருக்கு

இப்போது தம்ப் பிக் இணையத்தில் ஆர்டர் செய்தால் வீட்டுக்கே வரும். ஆனால் பாடம் மாறவில்லை.

முதலில் மோதிரம் பொருந்த வேண்டும். இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துப்போகும், தளர்ந்தால் சுற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் பிக்கை வெந்நீரில் போட்டு இளக்கி, வளைத்துச் சரிசெய்யலாம். உலோக ஃபிங்கர் பிக்கை விரலுக்கு ஏற்றபடி மெதுவாக நெரித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் நாக்கு கம்பியில் மாட்டிக்கொண்டே இருக்கும். விரல் நீளம் கூடிவிட்டது கைக்கு இன்னும் தெரியாததுதான் காரணம்.

அடுத்து, கட்டை விரல் மட்டும். ஒரே கார்டைப் பிடித்து, இரண்டு தடித்த கம்பிகளில் மாற்றி மாற்றி, மிக மெதுவாக. பேசிக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்கு அது தானாக ஓட வேண்டும். நாள் கணக்கு இல்லை, வாரக் கணக்கு. அதற்குப் பிறகு ஒரு பேஸ் சுரத்தோடு ஒரு மெட்டுச் சுரத்தைச் சேர்த்து ஒரே நேரத்தில் கிள்ளுவது. அதன் பிறகே இரண்டு பேஸ் சுரங்களுக்கு நடுவில் மெட்டை நுழைப்பது. உள்ளங்கையின் ஓரத்தைத் தடித்த கம்பிகளின் மேல் லேசாக வைத்துச் சத்தத்தை அடக்கினால், அந்தக் கென்டக்கி 'டும்-டக்' வந்துவிடும்.

புத்தகங்களில் 'டிராவிஸ் பிக்கிங்' என்ற தலைப்பில் இருப்பது ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் ஒரு எளிய வடிவம். டிராவிஸ் அப்படிக் கட்டம் போட்டு வாசித்தவர் இல்லை. அவர் கட்டை விரல் இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்தே உரசும். மெட்டுக்கு ஏற்ப எல்லாம் மாறும். ஆரம்பத்துக்குப் புத்தகம் போதும், அதற்குமேல் காதுதான் குரு.

கடைசியாக

ஷல்ட்ஸ் ஒருவரே இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அதுவும் தப்பு. தென் மாநிலங்களில் பெயர் தெரியாத எத்தனையோ கறுப்பினக் கலைஞர்கள் இதே வழியில் வாசித்திருக்கிறார்கள். அவருடைய பெயராவது நமக்குத் தெரிகிறதே, எப்படி? எந்தக் கம்பெனியும் பதிவு செய்யவில்லை. கேட்டவர்களும் கற்றவர்களும் வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான். மன்றோ சொன்னார், ஜோன்ஸ் சொன்னார், அதைக் கேட்டு எழுதியவர்கள் எழுதினார்கள். 2020-ல் சர்வதேச புளூகிராஸ் இசைச் சங்கத்தின் அறக்கட்டளை, வெள்ளையர் அல்லாத புளூகிராஸ் கலைஞர்களை ஊக்குவிக்க ஒரு நிதியைத் தொடங்கி அதற்கு ஆர்னால்ட் ஷல்ட்ஸ் பெயரையே வைத்தது. அவர் இறந்து 89 வருடங்கள் கழித்து!

இணையத்தில் மெர்ல் டிராவிஸ் வாசிக்கும் பழைய கறுப்பு-வெள்ளை வீடியோக்கள் இருக்கின்றன. ஒன்றைத் தேடிப் பாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், வலது கைக் கட்டை விரலைப் பாருங்கள். ஷல்ட்ஸின் வாசிப்பில் நமக்கு மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்.